காதைப் பார்த்துப் பேசுகிறவள்

ட்வைலா காபிக் குவளையோடு என் வேன் வாசலில் வந்து நின்று, "ராத்திரி அடிச்ச காத்து உன்னக் கலிபோர்னியாவுக்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கும்னு நெனச்சேன். இங்கதான் இருக்கியா" என்றாள். சொன்னது என்னிடம்தான். பார்த்தது என் இடது காதை. காதில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "எங்க போறது, இங்கதான்" என்றேன். "சரி" என்று காதுக்கே பதில் சொல்லிவிட்டு, கூடாரக் கயிற்றைச் சரியாகத் தாண்டிக் கால் வைத்துத் தன் வண்டிக்கு நடந்துவிட்டாள். நவம்பரில் வந்து இறங்கியதிலிருந்தே இப்படித்தான். முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன மார்ச்சில், எல்லோரும் கிளம்புவதற்கு முன்னால் நடந்த கடைசிக் கூடைக்கூட்டத்தில், அவள் கணவன் மெர்ல் முடித்துக் காட்டிய கூடையைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுல ஆப்பிள் வச்சா அதுவே உருண்டு வீட்டுக்குப் போயிடும் மெர்ல்" என்று சொன்னேன். கூடையின் வாய் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், மெர்லும் சிரித்தான். ட்வைலா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கோடை முழுக்க அதை அடைகாத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் வீம்பு உண்டு. அவளாக வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

குவார்ட்சைட் என்கிற பாலைவன ஊருக்குத் தெற்கே, யூமா நெடுஞ்சாலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற பாலை மைதானத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிற கூட்டம் நாங்கள். வடக்கே பனி விழத் தொடங்கியதும் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து சேருவோம். மார்ச் முடிவில் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் மலைப் பக்கம் கலைந்துவிடுவோம். பாதிப் பேருக்கு வேறு வீடு கிடையாது. என் கணவர் ஹார்லன் போன பிறகு நானும் அயோவா வீட்டை விற்றுவிட்டு ஒரு சின்ன வேனை வாங்கிக்கொண்டேன். ஒருத்திக்கு அது போதும். பூமியில் எனக்கென்று இருக்கிற இடம் நான்கு சக்கரத்தின் மேல் இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நோலாவின் வண்டிப் பந்தலில் கூடிக் கூடை பின்னுவோம். பைன் மரத்தின் ஊசியிலைகளைக் கட்டாகச் சேர்த்து, வட்டமாகச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு மெழுகு நூலால் தைத்துக்கொண்டே போகிற கூடை. கை வேலை செய்யும், வாய் ஊர் வம்பு பேசும். மெர்ல் ஒருவன்தான் ஆண். எங்களில் நேர்த்தியாகப் பின்னுகிறவனும் அவன்தான், அந்த ஒரு கூடையைத் தவிர. ஆனால் நாலு சுற்று போட்டால் மூன்று சுற்றைப் பிரிப்பான். பிடிக்கவில்லை என்பான். எங்களுக்குப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அவர்கள் வண்டியை ஓட்டுவது ட்வைலா. பஸ் நீளத்துக்கு இருக்கும் அந்த வண்டி. வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பனியில் சாலை எது வயல் எது என்று தெரியாத காலைகளில் அடுத்தவர் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள், மெர்ல் சொல்வான். மெர்ல் பெரிய வண்டியைத் தொட்டதில்லை. பின்னால் கட்டி இழுத்து வருகிற சின்னக் காரை மட்டும் கடைக்குப் போக எடுப்பான். அதையும் விளிம்பு வரை கஞ்சி ஊற்றின கிண்ணத்தை ஏந்திப் போகிற மாதிரி ஓட்டுவான்.

எங்கள் மைதானத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் சக்கரத்தில் கை வைக்கக்கூடாது. எவர் எப்போது வருகிறார், எப்போது போகிறார், எதை ஓட்டுகிறார், ஏன் ஓட்டுகிறார் என்று கேட்பது இங்கே வழக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அது தனி.

பிப்ரவரியில் ஒரு முற்பகல். ஜார்ஜியாவிலிருந்து என் சித்தி மகள் அனுப்பிய நீள ஊசியிலைகளை, வெந்நீரும் கிளிசரினும் கலந்து ஊறவைத்து, வண்டிப் பாதை ஓரமாக நீலத் தார்ப்பாயை விரித்துக் காயப்போட்டிருந்தேன். அப்படிப் பதப்படுத்தினால்தான் ஊசி ஒடியாமல் வளையும். ஒரு வருஷத்துக்கான சரக்கு அது. கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு ட்வைலாவின் வண்டி திரும்பி வந்தது. பாதையில் அகலத்துக்குக் குறைவில்லை. அவள் நேராக வந்து என் தார்ப்பாயின் மேல் ஏற்றினாள். ஈரச் சுமையின் மேல் டயர் ஏறுகிற சத்தம் மெத்தென்று கேட்டது. வண்டி அங்கேயே நின்றது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். முன் சக்கரம் இலைக் குவியலின் மேலேயே நின்றிருந்தது. மெர்ல் இறங்கி வந்து, குனிந்து, முழங்கால் போட்டு, அடியில் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து ஓடாத குறையாக ஓட்டுநர் ஜன்னல் பக்கம் போய் ஏதோ சொன்னான். ட்வைலா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு வேண்டாம், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஒரு கூடையப் பத்திச் சொன்னதுக்கு இவ்வளவா ட்வைலா? கண்ணு தெரியாத மாதிரி உக்காந்திருக்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

 அக்கம்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் அவரவர் மடியைப் பார்த்தார்கள். வண்டி வெகுநேரம் நகரவே இல்லை.

சாயங்காலம் மெர்ல் வந்தான். கை நிறையத் தன் ஊசியிலைக் கட்டுகள், சுத்தம் செய்து வைத்தவை. "இத வச்சுக்குங்க ஆர்டிஸ். பிரேக் கொஞ்சம் இறுகிப் போச்சு, அதான்" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் பார்க்கிறவருக்குத்தான் கூச்சம். "பிரேக் இல்ல மெர்ல், கோவம். நவம்பர்லேருந்து பாக்கறேன். எங்கிட்ட முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசறதில்ல. காதப் பாத்துப் பேசறா" என்றேன்.

மெர்ல் என்னைப் பார்த்தபடியே நின்றான். பிறகு என் வேனின் மடக்குப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"காதப் பாத்தாத்தான் அவளுக்கு உங்க முகம் தெரியும்" என்றான். "முகத்தப் பாத்தா முகம் இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லையாம். நடுவுல மட்டும் அழிஞ்சுட்டே வருது. ஓரம் இருக்கு. டாக்டர் போன வருஷமே வண்டியத் தொடாதன்னுட்டார்."

"அப்ப இவ்ளோ தூரம் எப்படி வந்தீங்க?"

"நான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வருவேன். லாரி வருது, கோடு வளையுது, செவப்பு விழுந்துடுச்சு. கையில கூடை இருக்கும். யாராவது பாத்தா புருஷன் பொண்டாட்டி பேசிட்டுப் போறாங்கன்னு நெனப்பாங்க." தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்கு நான் ஒரு தையல் தப்பிடுச்சேன்னு குனிஞ்சுட்டேன். அவ்வளவுதான் ஆர்டிஸ். ஒரு தையல்."

அவன் போன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. கண் தெரியாத மாதிரி என்று நான் கத்தியது காதுக்குள்ளேயே நின்றது. அதைவிடப் பயமாகவும் இருந்தது. நோலாவின் குட்டை நாய் பிஸ்கட்டுக்குத் தினமும் அந்தத் தார்ப்பாயின் சூடுதான் மெத்தை. அன்றைக்கு ஏதோ ஒரு புண்ணியத்தில் பல்லியைத் துரத்திக்கொண்டு ஓடைப் பக்கம் போயிருந்தது. நாயை விடுங்கள், சைக்கிளில் சுற்றுகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் ஐந்து வாரத்தில் அவள் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவாள். மைதானத்து அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவர்கள் இருவருக்கும் வீடு போகும். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன போகும் என்று தெரியாது. அடுத்தவர் சக்கரம் என்று இருக்கவும் முடியவில்லை. எனக்கு யாருடைய மனசாட்சியாகவும் இருக்கிற ஆசை கிடையாது. என் கூடையோடு நான் இருந்தால் போதும் என்றுதான் இந்தப் பாலைக்கே வந்தேன்.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு மூன்றாம் நாள் காலை பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வண்டிக்குப் போனேன். மெர்ல் கடைக்குப் போயிருந்தான். ட்வைலா வெளியே மடக்கு மேசையில் உட்கார்ந்து மெர்லுக்காக இலைத் தொப்பி கிள்ளிக்கொண்டிருந்தாள். ஊசியிலையின் அடியில் பழுப்பாக ஒரு தொப்பி இருக்கும், அதைக் கிள்ளி எறிய வேண்டும். விரல்கள் தாமாக வேலை செய்தன. தலை பாலைவனத்தைப் பார்த்தபடி இருந்தது.

"சாவி வாங்க வந்தியா?" என்றாள்.

"கூடை பின்ன வந்தேன்" என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தேன்.

"மெர்ல் உங்கிட்ட சொல்லிட்டு வந்தத எங்கிட்டயும் சொல்லிட்டான். அவனுக்கு எதையும் வயித்துல வச்சிருக்கத் தெரியாது." நாலு தொப்பிகளைக் கிள்ளினாள். "ஃபார்கோல எம் பையன் வீட்டுல தரைக்குக் கீழ ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கான். ஜன்னல் கூரையோட ஒட்டி இருக்கும். வெளிய பாத்தா புல்லோட அடித்தண்டு தெரியும். அதுவும் எனக்குத் தெரியப் போறதில்ல, அது ஒரு சௌகரியம்."

நான் ஒரு சுற்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வதென்று யோசித்து வந்ததெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்ததும் உதவவில்லை. "நீ அன்னைக்கு ஏறினது இலை மேல" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு அப்பத் தெரியாது" என்றாள் ட்வைலா. விரல் நின்றுவிட்டது. "மெத்துனு ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. எறங்கினாலும் பாக்க முடியாது. மெர்ல் எறங்கிக் குனிஞ்சு பாத்துட்டு வர வரைக்கும் உக்காந்திருந்தேன் பாரு. நீ கத்திட்டிருந்த. நீ எதுக்குக் கத்தறேன்னு எனக்குப் புரியல. உன் குரல்ல இருந்து கண்டுபிடிக்கலாம்னு பாத்தேன், இது இலைக்குக் கத்தற கத்தலா, வேற எதுக்காவதான்னு. அவன் வந்து 'இலை'ன்னான். அதுக்கப்பறமும் என்னால கியர் போட முடியல. கால் வரல." மறுபடியும் கிள்ள ஆரம்பித்தாள். "ஓட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் ஆர்டிஸ். நீ ஒண்ணும் புதுசா சொல்லல."

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.  அடுத்ததை யோசிக்காமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"மெர்ல் கண்ணு நல்லாத்தானே இருக்கு? வாயால சொல்றதக் கையால செய்யட்டுமே."

ட்வைலா சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மெர்லா? அவன் ஒரு கூடைக்கு மூடி போடலாமா வேண்டாமான்னு மூணு மாசம் யோசிப்பான். அவன் லேன் மாத்தறதுக்குள்ள நாங்க செத்தே போயிடுவோம்." பிறகு கிள்ளிய இலைகளை ஒரு கட்டாகச் சேர்த்து மேசையில் தட்டினாள். நான் எழுந்தபோது, "அந்தக் கூடை கோணல்தான். நானும் பாத்தேன், அப்ப கொஞ்சம் தெரிஞ்சது" என்றாள். "ஊருக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான்."

மறுநாளே மெர்லுக்குப் பெரிய வண்டியைப் பழக்க ஆரம்பித்துவிட்டாள். மைதானத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி, புதர்கூட முளைக்காத கெட்டித் தரை ஒன்று இருக்கிறது. அந்த இடம் வரை வண்டியை யார் ஓட்டிப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அங்கிருந்து ட்வைலாவின் குரல் எங்களுக்குக் கேட்கும். பேருந்தின் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் கேட்கப் பழகிய குரல்.

"அது கூடை இல்ல மெர்ல், தடவிக் குடுக்காத. திருப்பு."

"வண்டியோட வால் எங்க இருக்குன்னு நெனச்சுக்கிட்டே திரும்பணும். உனக்கு இன்னொரு வண்டி பின்னாடி வருதுன்னு வச்சுக்கோ."

முதல் நாள் மெர்ல் இறங்கி வாந்தி எடுத்தான் என்று நோலா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவளுக்குக் காரணம் தெரியாது. "வயசான காலத்துல இதுக ரெண்டுக்கும் என்ன வந்துச்சு? பொண்டாட்டி திட்டறா, புருஷன் சுத்தறான். இதுக்குச் செக்குமாடே தேவலாம்" என்றாள். பந்தலில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஊர் வாய் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? பத்து நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் யாரிடமும் சொல்லாமலே. பிஸ்கட்டை நோலா கயிற்றில் கட்டிப்போட ஆரம்பித்தாள். ட்வைலாவிடம் பேச வேண்டியவர்கள் அவளுக்குப் பக்கவாட்டில் போய் நின்று பேசினார்கள். சட்டம் சட்டமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் மெர்ல் வந்தான், ஆனால் பின்னவில்லை.  "ரோட்டுல தப்புப் பண்ணினா பிரிச்சுப் போட முடியாதாமே" என்று ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அவ சொல்றா. நேத்து ஒரு திருப்பத்துல நின்னுட்டேன். மறுபடி பின்னாடி போய் மொதல்லேருந்து திரும்பறேன்னேன். அதெல்லாம் கிடையாது, போன வரைக்கும் போனதுதான், மேல போன்னுட்டா. எனக்கு அப்படி எதையும் செஞ்சு பழக்கமில்ல ஆர்டிஸ்."

"ஓட்டத்தான் போறீங்களா?"

"ஃப்ளாக்ஸ்டாஃப் வரைக்கும். அங்க மலையில பைன் இருக்கு. கோடைய அங்க தாட்டிடலாம். அப்பறம் பாக்கலாம்." தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். "அந்த ரூம்ல அவள உக்கார வச்சா அவ ஒரு வருஷம் இருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். இது என்னால முடியுமான்னுதான் தெரியல."

மார்ச் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். கிளம்புகிற வண்டியை நின்று வழியனுப்புவது எங்களிடம் வழக்கம். ஆனால் அன்றைக்கு வந்த கூட்டம் வழக்கத்துக்கு அதிகம். யாரும் வேடிக்கை பார்க்க வந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் கையில் தண்ணீர் வாளி, ஒருவர் கையில் பாதிப் பின்னல். மெர்ல் புதுச் சட்டை போட்டிருந்தான். ட்வைலா அவனுக்குப் பின்னாலேயே நடந்து எல்லா டயரையும் கையால் தட்டிப் பார்த்தாள். என்னிடம் வந்து, என் காதைப் பார்த்து, "போயிட்டு வரோம்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்து போயிருந்தது. அவள் தைரியசாலி என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுக்கும் என்னைப் போலவே பயம்தான்.

பிறகு ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் தொட்டவள், நின்று, திரும்பி, முகப்பைத் தடவிக்கொண்டே சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினாள்.

வண்டி மெதுவாக, மிக மெதுவாக மைதானத்துப் பாதையில் போனது. யாருடைய பந்தலையும் உரசவில்லை. நாங்கள் வாசல் மேட்டில் ஏறி நின்றோம். அங்கிருந்து நெடுஞ்சாலை இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். மெர்ல் சாலை விளிம்பில் வண்டியை நிறுத்தினான். வடக்கே போக இடப்பக்கம் திரும்ப வேண்டும், இரண்டு தடத்தையும் பார்த்துக்கொண்டு. இடப்பக்க விளக்கு மின்ன ஆரம்பித்தது. வடக்கிலிருந்து ஒரு டிரக் வந்து போனது. தெற்கிலிருந்து இரண்டு கார்கள் போயின. அதற்குப் பிறகு சாலை காலியாக இருந்தது. வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை. வண்டி நகரவில்லை.

"போயேம்ப்பா" என்றாள் நோலா, வாய்க்குள்ளேயே.

ஒருவர் கீழே இறங்கிப் போய்க் கை காட்டட்டுமா என்று கேட்டார்.  கேட்டாரே தவிரப் போகவில்லை. மெர்லின் தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருந்தது. வலப்பக்க ஜன்னல் இறங்கியது. ட்வைலா தலையை வெளியே நீட்டி, முகத்தைச் சாலைக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, அப்படியே அசையாமல் இருந்தாள். தெற்கே, யூமா பக்கம், கானல் நீருக்கு மேல் ஒரு லாரி புள்ளியாகத் தோன்றியது. அது வந்து சேர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ட்வைலா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். முன் சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பின. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.